மேல்வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது

கிருபாசங்கர் டேப்லெட்டில் காட்டிய படத்தில் இருப்பது தன் வீட்டு மேல்மாடிதான் என்று நம்ப கீதாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரெல்லாம் சாம்பல் நிறம். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதன் ஓரம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். சமையலறையில் ஒரு பாத்திரம்கூட வெளியே தெரியவில்லை.

“கரண்டியெல்லாம் எங்கீங்க?” என்று கேட்டாள்.

“எல்லாம் உள்ளதானுங்க்கா. இழுத்தா வரும்.”

கிருபாசங்கர் சூலூரில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறவன். கீதாவின் கணவர் தனபாலுக்குத் தூரத்து உறவு. ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், புது டைல்ஸ், இரண்டு பாத்ரூமுக்கும் கண்ணாடிக் கதவு என்று எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம் சொன்னான். சொந்தம் என்பதால் இந்த ரேட்டு என்றும் சொன்னான்.

தனபால் தலையாட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருசமாக ஓட்டிய ஆறு தறிகளையும் போன வருசம் விற்றுவிட்டார். அந்தப் பணம் பேங்கில் சும்மா கிடப்பது அவருக்கு உறுத்தல். மாசாமாசம் ஏதாவது வருகிற மாதிரி அதை எதிலாவது போட வேண்டும். மேல்வீடு ஐந்து மாதமாகக் காலி. வருகிறவர்கள் மேலே ஏறிப் பார்க்கிறார்கள், இறங்கி வந்து “சொல்றோம்ங்க” என்கிறார்கள், போய்விடுகிறார்கள். வீடு பழசாகிவிட்டது, அதுதான் காரணம் என்பது தனபாலின் முடிவு.

“இத்தனையும் போட்டா வாடகை எச்சா எவ்வளவு வரும் கிருபா?” என்று கீதா கேட்டாள்.

“ஊட்டோட வேல்யூவே ஏறிருங்க்கா.”

“அது சரி. வாடகை?”

“ஒரு மூவாயிரம்னு வெச்சுக்கங்க.”

“வெச்சுக்கங்கன்னா? வருமா, வராதா?”

அவன் சிரித்தான். தனபாலும் சிரித்தார். கீதாவின் கேள்விகளுக்கு அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். அவள் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் அது எந்த ஊர்த் தோட்டத்துக் காய் என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா இறங்குவதற்குள் அவர் மருமகளின் ஊர்வரை தெரிந்துகொள்வாள். ஒரு விஷயம் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று மத்தியானம் சாம்பாருக்குப் பருப்பு வேகும் நேரத்தில் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். மாதம் மூவாயிரம் என்றால் வருசத்துக்கு முப்பத்தாறாயிரம். போட்ட பணம் திரும்பி வரவே பதினெட்டு வருசம் ஆகும்.

“ஏனுங்க, பதினெட்டு வருசத்துல அந்த டிராயரெல்லாம் இழுத்தா வருமா, இல்ல கையோட கழண்டு வருமா?” என்றாள் தனபாலிடம்.

“இப்படிக் கணக்குப் பாத்திருந்தா நாம இந்த ஊடே கட்டியிருக்க மாட்டோம் அம்மணி,” என்றார் அவர்.

அதுவும் உண்மைதான். ஆனால் கீதாவுக்கு மனசு ஆறவில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள்? கிருபாசங்கருக்கு அது தெரியாது. அவன் வேலை முடித்துப் பணம் வாங்கிப் போகிறவன். தனபாலுக்கும் தெரியாது. அவருக்குப் பிறந்ததிலிருந்து சொந்த வீடு. யோசித்துப் பார்த்தால் கீதாவுமே வாடகை வீட்டில் ஒரு நாள் இருந்ததில்லை.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டு-லெட் போர்டு தொங்குகிற வீடாகப் பார்த்து நிறுத்தினாள். “தங்கச்சி குடும்பத்துக்குப் பாக்கறோம்ங்க” என்று சொன்னாள். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது.

கலங்கல் ரோட்டில் முதல் வீடு. உள்ளே நுழைந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிருபாசங்கரின் டேப்லெட்டில் பார்த்ததே நேரில் நின்றது. அதே சாம்பல் சுவர், அதே மஞ்சள் வெளிச்சம். டிராயரை இழுத்தாள், சத்தமே இல்லாமல் வந்தது. பதினாலாயிரம் வாடகை என்றார் வீட்டுக்காரர்.

“ரொம்ப அம்சமா இருக்குதுங்க. எப்பருந்து காலியா இருக்குது?”

“வைகாசிலருந்துங்க.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அப்பறம் போனே வர்றதில்ல.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “பதினாலு குடுக்க முடிஞ்சவங்க இன்னொரு ரெண்டப் போட்டு டவுனுக்குள்ள சிங்காநல்லூருக்கே போயிருவாங்கன்னு நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே!”

அடுத்த வீட்டில் பாத்ரூமுக்கு மட்டும் ஒன்றே கால் லட்சம் செலவு செய்திருந்தார்கள். ஆனால் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு கீழ்வீட்டுக்காரர் சமையலறையில் இருந்தது. குடியிருந்த பெண் கீதாவைத் தனியாகக் கூப்பிட்டு, “தண்ணி வேணும்னா இறங்கிப் போய்க் கேக்கணுங்க. வந்துறாதீங்க,” என்று சொல்லி அனுப்பினாள். கீதாவுக்கு ஒரே உற்சாகம். இத்தனை வருசம் பக்கத்திலேயே இருந்தும் தனக்குத் தெரியாத ஒரு ஊர் இந்த ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று தோன்றியது. சாயங்காலம் தனபாலிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தறி விற்ற பிறகு பொழுது போகாமல் இருந்த அவரும் ஆர்வமாகத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள், மார்க்கெட்டுக்குப் பின்னால் பழனியாத்தாள் என்கிற பெரியம்மாவின் வீட்டுக்குப் போனாள். பழைய கட்டடம். மொத்தம் மூன்று குடித்தனம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது, போர்டு மட்டும் புதுசாகத் தொங்கியது.

“போர்டு சும்மா கெடக்குது கண்ணு. கழட்ட மறந்துபோட்டேன்,” என்றார் பழனியாத்தாள். “எங்கூட்டுல காலியே ஆகாது. ஒருத்தர் போறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் அட்வான்ஸ் குடுத்துருவாங்க.”

“எப்படீங்க அது?”

“எனக்கென்ன தெரியும்? வர்றாங்க, இருக்கறாங்க.”

கீதா அண்ணாந்து பார்த்தாள். வீட்டின் பக்கவாட்டில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனியாகப் படி ஏறியது. மேலே கொடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பினாள்.

இனியா.

ஐந்து மாதம் முன்புவரை கீதாவின் மேல்வீட்டில் இரண்டு வருசம் குடியிருந்தவள். புருசன் பிரான்சிஸ் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான், ஒரு பெண் குழந்தை. அவனுக்கு அவிநாசிக்கு மாற்றல் வந்துவிட்டது, அங்கேயே வீடு பார்த்துவிட்டோம் என்று சொல்லித்தான் காலி செய்தார்கள். கீதா அன்றைக்குக் குழந்தைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அவிநாசி எங்கே, இந்த மார்க்கெட் எங்கே. கீதாவின் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

இனியாவின் முகம் வெளுத்துப்போனது. ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “வாங்க்கா… மேல வாங்க,” என்றாள்.

காபி போட்டுக் கொடுத்தாள். கீதா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தன் மேல்வீட்டில் பாதிகூட இல்லை. சமையலறையில் ஒரு கடப்பாக்கல் மேடை, அவ்வளவுதான். ஃபால்ஸ் சீலிங் இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை.

“வாடகை எவ்வளவு கண்ணு?”

“ஒம்பதரைங்க்கா.”

கீதா வாங்கியது எட்டு. சின்ன வீட்டுக்கு ஒன்றரை ஆயிரம் எச்சாகக் கொடுக்கிறார்கள்.

“அவிநாசி என்னாச்சு?”

“அது… கேன்சலாயிருச்சுங்க்கா.” இனியா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பாப்பா ஸ்கூலும் இங்கிருந்து பக்கம்.”

பள்ளிக்கூடம் கீதாவின் தெருவில் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். கீதா அதற்கு மேல் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தாள்.

“நாஞ்சொன்னனா இல்லியா, ஊடு பழசாயிருச்சு, அதான் போயிட்டாங்க,” என்றார் தனபால்.

“அந்த ஊடு இதவிடப் பழசுங்க.”

“அப்பறம் ஏன் போனாங்க?”

அதுதான் கீதாவையும் குடைந்தது. தண்ணீரா? இங்கே தண்ணீருக்குக் குறையே இல்லை. தறிச்சத்தமா? தறிதான் நின்றுபோய்விட்டதே. இரண்டு வருசத்தில் ஒரு நாள்கூட வாய்ச்சண்டை வந்ததில்லை. பொங்கலுக்குப் பலகாரம் மேலே போகும், கிறிஸ்துமஸுக்குக் கேக் கீழே வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பாவில் முறுக்குப் போட்டுக்கொண்டு மறுபடியும் போனாள். பிரான்சிஸ் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருந்தான். இனியா லேசான காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இனியா இறங்கிப் போய் ஒரு அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

“என்ன கண்ணு வாங்கியிருக்கற? கனமா இருக்குதாட்டிருக்குது,” என்றாள் கீதா. கை தானாகப் பெட்டிப் பக்கம் நீண்டது.

இனியா அப்படியே நின்றாள். சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அடங்கியபோது கண் கலங்கியிருந்தது.

“இதுதானுங்க்கா,” என்றாள்.

“எது?”

“நீங்க போன தடவ கேக்காம விட்டீங்கள்ல, ஏன் காலி பண்ணினீங்கன்னு. இதுதான்.”

கீதாவுக்கு முதலில் புரியவே இல்லை.

இனியா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரொம்ப மெதுவாகப் பேசினாள். “நீங்க ஒரு நாளும் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்லீங்க்கா. அதனாலதான் சொல்லவும் முடியல. படி உங்க கிச்சன் ஜன்னல ஒட்டித்தான் ஏறுது. நான் எப்ப வந்தாலும் நீங்க அங்க நிப்பீங்க. பையில என்ன, எவ்வளவுக்கு வாங்கின, ஏன் இன்னிக்கு லேட்டு. கேட்டைத் தொறக்கும்போதே பதில யோசிச்சுட்டே வருவேன். எங்கம்மா பத்து நாள் இருக்கலாம்னு வந்தாங்க. எத்தன நாள் இருப்பீங்கன்னு நீங்க கேட்டீங்க. நாலாம் நாளே கெளம்பிட்டாங்க.”

“நான் சும்மாதான் கேட்டேன் கண்ணு!”

“தெரியுங்க்கா. அவரு ஞாயித்துக்கெழம கறி எடுத்துட்டு வந்தா ஹெல்மெட்டுக்குள்ள வெச்சுத்தான் மேல கொண்டுட்டு வருவாரு. என்ன கறின்னு கேப்பீங்கள்ல.”

கீதாவின் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறிதான். என்ன கறி என்று தான் கேட்டது எதற்காக என்று அவளுக்கே அந்த நேரத்தில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இனியா முறுக்கு டப்பாவை எடுத்து உள்ளே வைத்தாள். “மன்னிச்சுக்கங்க்கா, சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள்.

“சொல்லாம விட்டதுதான் தப்பு,” என்று சொல்லிவிட்டுக் கீதா எழுந்தாள். கோபமாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இனியாவுக்குத் தெரியவில்லை.

வண்டியில் வரும்போது கீதாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான், குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் நான் என்று மனசு அடுக்கிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் படியில் ஏறுகிற ஆள், இந்த முகத்தைத் தாண்டாமல் மேலே போகவே முடியாது. கேட்டிலிருந்து நடந்துவந்து அந்தப் படியில் தானே ஏறிப் பார்த்தாள். போர்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தனபால் நிமிர்ந்து, “எங்க போற?” என்றார்.

கீதாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

சாயங்காலம் அவரிடம் முழுசாகச் சொன்னாள். ஹெல்மெட் விஷயத்தையும் மறைக்கவில்லை. தனபால் நிமிர்ந்து படியைப் பார்த்தார்.

“அந்தப் பையன் ஹெல்மெட்டக் கையில புடிச்சுட்டே ஏறுவான். நான்கூட, நல்ல பையன், வண்டியில வெச்சா திருடு போயிரும்னு எடுத்துட்டுப் போறான்னு நெனச்சேன்,” என்றார். பிறகு, “இதே எடத்துல உக்காந்துட்டு நானும்தான் கேட்டிருப்பேன். உன்ன மட்டும் சொல்லி என்ன பண்றது,” என்றார்.

“படிய வெளிய போட்றலாமுங்க. மேக்கால சந்துல. தனி கேட்டு வெச்சு.”

“படியப் பாத்து யாராவது வாடகை குடுப்பாங்களா?”

“பழனியாத்தாள் ஊட்டுல குடுக்கறாங்க.”

தனபாலுக்கு அந்த மாடுலர் கிச்சனை விட மனசில்லை. இரண்டு நாள் இழுத்தார். கடைசியில் கலங்கல் ரோட்டு வீட்டுக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்காரர் அரை மணி நேரம் அவரிடம் புலம்பியிருக்கிறார். திரும்பி வந்து கிருபாசங்கருக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

படி வேலையை வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அப்துல் வஹீதிடம் கொடுத்தார்கள். இரும்புப் படி, கைப்பிடி, சின்ன கேட்டு. மேலே பழைய கதவை அடைத்து மேற்குப் பக்கம் புதுக்கதவு திறந்தது, வாஷிங் மெஷினுக்கு ஒரு குழாயும் பிளக் பாயின்ட்டும், மோட்டார் சுவிட்சு மேலேயும் ஒன்று வைத்தது, பெயின்ட் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. சந்தில் இருந்த துணி துவைக்கிற கல்லை எடுக்க வேண்டியிருந்தது. கறிவேப்பிலைச் செடியை இடம் மாற்றி வைத்தார்கள், அது பட்டுப்போனது. கீதாவுக்கு அதில் வருத்தம்தான்.

வேலை முடிந்த அன்று ஒரு சிக்கல் தெரிந்தது. இரும்புப் படியில் யார் கால் வைத்தாலும் வீடு முழுக்க டங் டங் என்று கேட்டது. ஏறுகிறவர் குண்டா ஒல்லியா, அவசரமா நிதானமா என்பதுவரை அடுப்படியில் நின்றே சொல்லிவிடலாம்.

“பரவால்ல, திருடன் வந்தாத் தெரியும்,” என்றார் தனபால்.

கீதா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அப்துல் வஹீதைக் கூப்பிட்டு, “சத்தம் கேக்காம பண்ண முடியுங்களா?” என்றாள்.

“ரப்பர் ஷீட் ஒட்டலாம்ங்க்கா. இன்னொரு எட்டாயிரம் ஆகுமே. அவசியமா?”

“அவசியந்தானுங்க.”

அதற்கான பணத்தை அவள் தன் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள். தனபால் ஏன் என்று கேட்கவில்லை.

போர்டு மாட்டிய வாரமே ஆள் வந்தது. அக்ஷயா என்று ஒரு பெண். தனியார் ஆஸ்பத்திரியில் லேப் வேலை, கூட அவள் அம்மா. மேலே ஏறிப் பார்த்தார்கள். சமையலறையை எட்டிப் பார்த்ததோடு சரி. புதுக்கதவுக்கு வெளியே நின்று படியையும் கேட்டையும்தான் ரொம்ப நேரம் பார்த்தார்கள். பத்தாயிரம் என்றதும் பேரம் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்தார்கள். தனபால் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, “ரெண்டாயிரம் எச்சு. எட்டு வருசத்துல படிக்குப் போட்ட காசு வந்துரும். காலியாக் கெடக்காம இருந்தா அதுக்கும் முன்னாடியே,” என்று தானாகவே கணக்குச் சொன்னார்.

முதல் சில வாரம் கீதாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மேலே யாரோ பேசிச் சிரிப்பது கேட்கும். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு நாள் லாரியிலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்று இறங்கி மேலே போனது. அது என்ன என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இரண்டு தடவை கேட்க வாயெடுத்து, இரண்டு தடவையும் உள்ளே வந்துவிட்டாள்.

இனியாவைச் சந்தையில் பார்த்தபோது படியைப் பற்றிச் சொன்னாள். இனியா ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, வா என்று இவளும் கூப்பிடவில்லை. குழந்தை கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தை முடியும்வரை கூடவே வந்தது.

தை மாதத்தில் இருகூரிலிருந்து தனபாலின் அத்தை மகள் போன் செய்தாள். அவர்கள் வீட்டு மாடியும் காலி. கிருபாசங்கர் அங்கேயும் டேப்லெட்டோடு போயிருக்கிறான். “நீ ஊரெல்லாம் சுத்திப் பாத்தவளாமா. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லேன்,” என்றாள்.

கீதா அன்றைக்கே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள். அந்த வீட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்தாள். அத்தை மகள் பின்னாலேயே வந்துகொண்டு, “டைல்ஸ் மாத்தலாமா, கிச்சன் மாத்தலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைசியா இருந்தவங்க எதுக்குப் போனாங்க?”

“சொந்த ஊருக்குப் போறோம்னாங்க.”

“போயிட்டாங்களா?”

அத்தை மகள் விழித்தாள். “அப்படித்தான் சொன்னாங்க. நான் போய்ப் பாக்கவா முடியும்?”

கீதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவங்க போன் நம்பர் இருக்குதா?”